கடைசி ஆள்

மகன் கண் திறக்காமல் கிடந்த நாட்களில் திரவியத்துக்குச் சாமிகள் போதவில்லை. ஒரு கோயில் விடாமல் சுற்றிவிட்டு, ஓய்ந்துபோய், நெய்முடி மலை அடிவாரத்து அம்மாவிடம் வந்து நின்றார்.

அம்மா என்றால் வயதானவர் இல்லை. திரவியத்துக்குக் கடைசித் தங்கச்சி வயதுதான் இருக்கும். மலைக்குப் போகிறவர்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றுவார். கோடையில் வனத்துறை வழியைத் திறந்துவிட்டால், வழிகாட்டி மல்லன் காணியைக் கூட்டிக்கொண்டு, வந்திருப்பவர்களோடு அவரும் முடிக்கு ஏறுவார். மழைக்காடு அது. உள்ளே போய்விட்டால் உச்சி வெயிலும் பச்சையாகத்தான் இறங்கும்.

"பையன் பேரு என்ன?" என்று கேட்டார் அம்மா.

"வேலாயுதம். கட்டடச் சாரத்துல இருந்து விழுந்துட்டான். உசுரு இருக்கு. கண்ணு திறக்கல."

"எங்ககூட மலைக்கு வாங்க. நடப்போம்."

"நடந்தா மட்டும் போதுமா அம்மா? கஷ்டமா ஒண்ணு சொல்லுங்க. நாக்குல வேல் குத்திக்கிடவா? முழங்கால் போட்டு ஏறவா? எதுனாலும் செய்வேன்."

அம்மா அவரைப் பார்த்தார். திரவியம் அரிசி மண்டி வைத்திருப்பவர். வந்த கொஞ்ச நேரத்துக்குள் கஞ்சியில் உப்பில்லை என்று சொல்லியிருந்தார், அரிசி மட்ட ரகம் என்று சொல்லியிருந்தார், அடுப்பை வாசல் பார்த்து வைக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்.

"அப்போ வாயைக் கட்டிட்டு வாங்க. முடியில விளக்கு ஏத்துற வரைக்கும் ஒரு வார்த்தை வேண்டாம்."

"அப்படிச் செஞ்சா பையன் எந்திரிப்பானா?"

"வாயைக் கட்டச் சொன்னேன்," என்றார் அம்மா.

அந்த நிமிடத்தில் இருந்து திரவியம் பேசவில்லை.

புறப்படும்போது மல்லன் காணி எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார். அவர் முன்னால் போவார். ஒவ்வொரு வளைவிலும் நின்று கூவுவார். கடைசியில் வருகிறவர் பதில் கூவ வேண்டும். தனக்கு முன்னால் எல்லோரும் பாதையில் இருக்கிறார்கள் என்றால்தான் கூவ வேண்டும்.

"கடைசியில யாரு வாரீங்க?"

திரவியம் கையைத் தூக்கினார். கடைசியில் நடந்தால் பின்னால் இருந்து யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

"வாய் திறக்காத ஆளு எப்படிங்க கூவுவீங்க?"

திரவியம் கையில் இருந்த கம்பால் பக்கத்து மரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். டொக், டொக். மல்லன் காணி சிரித்துவிட்டார்.

"சரி. ரெண்டு தட்டு. அதைக் கேட்டுட்டுத்தான் அடுத்த அடி வைப்பேன்."

திரவியத்துக்கு முன்னால் நடந்தவர் இசக்கியப்பன். டீக்கடைக்காரர். அவர் மனைவி பேச்சியம்மா அவருக்கும் முன்னால். இசக்கியப்பன் பேசுகிற பேச்சில் பாதியை அவள் வாங்கிக்கொள்வாள். மீதி திரவியத்தின் மேல் விழும்.

"அண்ணாச்சி, உங்க மண்டியில இப்போ எல்லாரும் விசிலடிச்சுக்கிட்டு இருப்பானுவ."

திரவியம் பேசவில்லை.

"அண்ணாச்சி, இந்தக் குரங்கைப் பாருங்க. உங்களை மாதிரியே முறைக்குது. ஒருவேளை அதுக்கும் விரதமோ?"

"சும்மா வாங்களேன்," என்று பேச்சியம்மா முன்னால் இருந்து அதட்டினாள். "பாவம், பிள்ளைக்காக இருக்காக."

"நானும் பாவம்தான் பேச்சி. பதில் சொல்லாத ஆளுகூட நடக்கேன்."

திரவியத்துக்கு நாக்கின் நுனி வரைக்கும் பதில் வந்து நிற்கும். நல்ல சூடான பதில். அதை அப்படியே விழுங்குவார். விழுங்குகிற ஒவ்வொரு வார்த்தையும் மகன் பேரில் உண்டியலில் விழுகிற காசு போல அவருக்குத் தோன்றியது. நடக்க நடக்க உண்டியல் நிறைந்துகொண்டு வந்தது.

இசக்கியப்பன் வாய்தான் அப்படி. ஓரிடத்தில் திரும்பிப் பார்த்தவர், "அசையாதீங்க அண்ணாச்சி" என்று குனிந்து, திரவியத்தின் குதிகாலில் கொழுத்துத் தொங்கிய அட்டையின் மேல் உப்பை வைத்து எடுத்துப் போட்டார். ரத்தம் நிற்கும் வரை கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டும் இருந்தார். அதற்கும் திரவியம் ஒன்றும் சொல்லவில்லை. கைகூப்பினார்.

இரவு தகரக் கொட்டகையில் தங்கி, மறுநாள் ஏறினார்கள். காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஒரு பெரிய பாறைக்குக் கீழே மல்லன் காணி எல்லோரையும் நிறுத்தினார்.

"பாறையைச் சுத்தித்தான் போகணும். நேரா மேல ஏறுற மாதிரி ஒரு தடம் தெரியும். அது தண்ணி ஓடுற தடம். பெரணிச் செடி மூடிக் கிடக்கும், அடியில மண்ணு கிடையாது. யாரும் கால் வச்சிராதீங்க."

அந்த நேரத்தில் இசக்கியப்பன் குனிந்து வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். திரவியம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டார்.

வரிசை நகர்ந்தது. பேச்சியம்மா பாறையின் பின்னால் மறைந்தாள். இசக்கியப்பன் நின்றார். மேலே பார்த்தார். பெரணிகளுக்கு நடுவே நேராக ஒரு வழி தெரிந்தது.

"அண்ணாச்சி, இவங்க ஏன் ஊரைச் சுத்திட்டுப் போறாங்க? நான் இப்படி ஏறி, பேச்சிக்கு முன்னால போய் நிக்கேன். அவ மூஞ்சியைப் பாக்கணுமே!"

திரவியம் கையை நீட்டி வேண்டாம் என்று ஆட்டினார். இசக்கியப்பன் அதற்குள் திரும்பிவிட்டார். திரவியம் கம்பால் மரத்தில் தட்டினார்.

"தட்டாதீங்க அண்ணாச்சி, நீங்க உங்க வழியில வாங்க!"

ஒரு வார்த்தை போதும். வேண்டாம் என்ற ஒரே ஒரு வார்த்தை. அது தொண்டை வரைக்கும் வந்தது. வேலாயுதத்தின் மூடிய கண்களும் கூடவே வந்தன. இத்தனை தூரம் சேர்த்ததை ஒரு விளையாட்டுப் பேச்சுக்காரனுக்காகக் கொட்டிவிடுவதா? அவன் ஏறிவிடுவான். இளவட்டம் இல்லை என்றாலும் கால் திடமான ஆள். ஏறிவிடுவான்.

பெரணி ஆடி அடங்கியது. இசக்கியப்பனைக் காணவில்லை.

மேலே இருந்து மல்லன் காணியின் கூவல் வந்தது.

திரவியம் மரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.

தட்டி முடித்த பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. கிளை ஒடிகிற மாதிரி. குரங்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். பாறையைச் சுற்றி ஏறினார்.

மேலே எல்லோரும் நின்றிருந்தார்கள். பேச்சியம்மா அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அவுகள எங்க அண்ணாச்சி?"

திரவியம் சுற்றிலும் பார்த்தார். கம்பை எடுத்துப் பெரணிப் பக்கம் நீட்டினார்.

"வாயைத் திறந்து சொல்லுங்க! அவுக எங்க?"

கம்பு அப்படியே நீண்டு நின்றது. பேச்சியம்மா அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். மல்லன் காணி கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடினார்.

அம்மா அவர் முன்னால் வந்து நின்றார். குரல் உயரவில்லை.

"அவர் அந்தப் பக்கம் திரும்பினதைப் பாத்தீங்களா?"

திரவியம் தலையசைத்தார்.

"பாத்த பிறகா தட்டினீங்க?"

திரவியத்தின் கையில் இருந்து கம்பு நழுவி விழுந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஒத்த வார்த்தை!" என்று பேச்சியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒத்த வார்த்தை அண்ணாச்சி! உங்க வாயில முத்தா உதிர்ந்திருக்கும்?"

கீழே இருந்து மல்லன் காணியின் குரல் வந்தது. "உசுரு இருக்கு! வேர்ல தொங்குதாரு!"

கயிற்றைப் பிடித்து எல்லோரும் இழுத்தார்கள். திரவியமும் இழுத்தார். ஏலேலோ என்று எல்லா வாயும் ஒரே குரலாகப் பாடியபோது அவர் உதடு பிரிந்தது. பிறகு மூடிக்கொண்டது. உள்ளங்கைத் தோல் உரிந்து கயிற்றில் ஒட்டியது.

இசக்கியப்பனை மேலே கொண்டுவந்து கிடத்தினார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த ஒருவர் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். அம்மா தன் புடவையைக் கிழித்து, குச்சி வைத்துக் கட்டினார். மல்லன் காணி மூங்கில் வெட்டி வேட்டிகளை முடிந்து டோலி செய்தார்.

"இறங்குவோம்," என்றார் அம்மா. "மாத்தி மாத்தித் தூக்கணும். எல்லாத் தோளும் வேணும்."

மழை விட்டது. மூடுபனி விலகியது. எதிரே நெய்முடி தெரிந்தது. இன்னும் ஓர் ஏற்றம்தான். விளக்கு வைக்கிற கல்கூடக் கண்ணுக்குத் தெரிந்தது.

திரவியம் அதைப் பார்த்தார். டோலியைப் பார்த்தார். மறுபடியும் கல்லைப் பார்த்தார். பிறகு அம்மாவின் முன்னால் வந்து இரண்டு கையும் கூப்பி நின்றார். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

அம்மாவுக்குப் புரிந்தது. மூட்டையை அவிழ்த்து எண்ணெயையும் திரியையும் எடுத்து அவர் கையில் வைத்தார்.

"போங்க. ஏத்திட்டு வாங்க."

"ஒத்தையிலயா அனுப்புறீங்க?" என்றார் மல்லன் காணி.

"அவர் இவ்வளவு தூரமும் ஒத்தையிலதான் வந்தார்."

திரவியத்துக்கு அது காதில் விழுந்தது. நெஞ்சில் எங்கோ போய்த் தைத்தது. இருந்தாலும் திரும்பி நடந்தார். மகனுக்காக. மகனுக்காகத்தானே. ஏற்றத்தில் காலை வைத்தார்.

"அண்ணாச்சி!"

டோலியில் இருந்து வந்த குரல். எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

"அண்ணாச்சி, அந்தப் பக்கம் வேண்டாம்! பாசி வழுக்கும்! இடது கைப் பக்கமா ஒதுங்கி ஏறுங்க!"

திரவியம் அப்படியே நின்றுவிட்டார். இசக்கியப்பன் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கியிருந்தார். முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. பேசிய வேகத்தில் கால் அசைய, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் கத்தினார்.

"காது கேக்கலையா? பாசி அண்ணாச்சி, பாசி!"

"உங்களுக்கு இப்போ இது தேவையா?" என்று பேச்சியம்மா அழுதாள். "அந்த ஆளுக்கா கத்துதீக?"

"அவரும் விழுந்தா யாரு தூக்க? மூங்கில் பத்தாது பேச்சி."

திரவியம் ஈரப் பாறையில் உட்கார்ந்துவிட்டார். எண்ணெய்ப் புட்டி உருண்டு பெரணிக்குள் போனது. அவர் அதைப் பார்க்கவில்லை. டோலியையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஓங்கி அறைந்த மாதிரி இருந்தது அவர் முகம்.

வெகு நேரம் பேசாத தொண்டையில் இருந்து முதலில் காற்றுதான் வந்தது.

"இசக்கி..." என்றார். "இசக்கியப்பா..."

தடுமாறி இறங்கி வந்தார். டோலியின் முன்மூங்கிலைப் பிடித்திருந்தவரை விலக்கினார்.

"தள்ளுங்க. நான் பிடிக்கேன்."

பேச்சியம்மா அவரைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா டோலிக்குப் பக்கத்தில் நடந்தார். மல்லன் காணி முன்னால் போய் ஒவ்வொரு அடிக்கும் வழி பார்த்துச் சொன்னார். "கல்லு," என்பார். "கல்லு," என்று திரவியம் பின்னால் இருப்பவருக்குச் சொல்வார். "வேரு." "வேரு, பாத்து வாங்க." "பள்ளம்." "பள்ளம் வருது, மெதுவா." இறக்கம் முழுக்க அவர் நிறுத்தவில்லை.

ஓடைக்கரையில் டோலியை இறக்கி வைத்தார்கள். இசக்கியப்பன் வலியில் கண் மூடிக் கிடந்தார். பேச்சியம்மா அவர் வாயில் தண்ணீர் விட்டாள்.

திரவியம் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீங்க சொன்னதைத்தானே அம்மா செஞ்சேன்?"

"ஆமா. நான் சொன்னதை மட்டும் செஞ்சீங்க."

"உங்களுக்கு என் மேல கோவமா?"

"என் மேலதான். உங்ககிட்ட பேச்சு அதிகமா இருக்குன்னு பாத்தேன். உள்ளே எவ்வளவு பயம் இருக்குன்னு பாக்கல. அந்தக் காலுல பாதி நான் ஒடிச்சது."

திரவியம் உரிந்த உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார். தோளில் மூங்கில் அழுத்திய இடம் கன்றிப் போயிருந்தது.

"விரதம் போச்சு. விளக்கும் ஏத்தல. இனி என் பையனுக்காக நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டுச் சாமிகிட்ட போவேன்? எப்படிக் கேப்பேன் அம்மா?"

அம்மா டோலியைத் திரும்பிப் பார்த்தார்.

"கால் ஒடிஞ்சு கிடக்கிறவர், கணக்குப் பாக்காம உங்களை எப்படிக் கூப்பிட்டாரோ, அப்படியே சாமியையும் கூப்பிடுங்க."