வேறு கை படாத கொடி

“கொடி போகுதும்மா. இந்த ஜாதித் திராட்சையே நம்மோட முடிஞ்சிடுமா?”

மெய்யப்பனின் குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை.

மடத்துப் பந்தலில் இலைகள் கருகிச் சுருண்டு கிடந்தன. அடித்தண்டை நகத்தால் கீறியிருந்தான். பச்சை இல்லை. கறுப்பு.

இந்தச் சிவப்புத் திராட்சைக்கு இதுதான் தாய்க்கொடி, வெளியில் இருப்பதெல்லாம் கலப்பு என்று பதினோரு வருஷமாக யாத்திரிகர்களுக்குச் சொல்லி வந்தவன் அவன்.

குரு வடிவம்மை கொடியைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தார்.

“இது எங்கேருந்து வந்தது?”

ஒப்பித்தான். மடத்தை நிறுவிய பெரியவர் கடல் தாண்டிப் போனது. ஈரமண்ணில் ஒரு குச்சியைப் பொத்தி எடுத்து வந்தது. தன் கையாலேயே நட்டது. முந்நூறு வருஷம். வேறு கை படவே இல்லை.

“அந்தக் கொடி நான் இங்கே வந்த வருஷமே பட்டுப்போச்சு.”

அவன் கருகிய கொடியைத் திரும்பிப் பார்த்தான்.

“அப்போ இது?”

கவாத்து வெட்டிய குச்சிகளை அந்தக் காலத்தில் மடத்துக்காரர்கள் குப்பையில் எறிவார்கள் என்றார் குரு. கீழத்தெருக்காரர்கள் பொறுக்கிக்கொண்டுபோய் நட்டார்கள்.

“இங்கே பட்டுப்போனதும் நான்தான் கீழத்தெருவில போய் நின்னேன். ராக்கம்மா கொல்லையிலேருந்து ஒரு குச்சி ஒடிச்சுக் கொடுத்தாங்க.”

மெய்யப்பன் பந்தற்காலைப் பிடித்துக்கொண்டான்.

“அவ இன்னிக்குக் காலையில வந்தாம்மா.”

மிச்சத்தைத் திக்கித் திக்கிச் சொன்னான். மடத்துக் கொடிக்கு நோவு என்று கேள்விப்பட்டு, ஈரச்சாக்கில் ஒரு கட்டுக் குச்சி சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். வாசலிலேயே நிறுத்தினானாம். தாய்க்கொடி இருக்கும் இடத்தில் உங்கள் தெருக் குச்சிக்கு என்ன வேலை என்று கேட்டானாம். அதுவும் இதுவும் ஒன்றுதானே என்றிருக்கிறாள். சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறான்.

குரு திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

“போய்க் கேட்டு வாங்கிட்டு வா.”

“நானா? அவங்க தெருவுக்கா?”

“குச்சி காயறதுக்குள்ள போ.”

வாசல்வரை போனான். படியிறங்கக் கால் வரவில்லை. திரும்பினான்.

“பயமா இருக்கும்மா.”

“எதுக்கு? தரமாட்டாங்கன்னா? இல்ல, தந்துடுவாங்கன்னா?”