மேசைக்கு வந்தவர்கள்

“மேடம், அந்த முதல் கேஸையும் சொல்லித்தான் ஆகணுமா?” என்று கேட்டான் குலசேகர்.

இதய அறுவையில் அவன் ஒரு புதிய முறையைக் கண்டுபிடித்திருந்தான். நாற்பது பேர் பிழைத்தார்கள். அவர்களுக்கு முன்னால், முதன்முதலாகச் செய்துகொண்டவள் மேசையிலேயே இறந்துபோனாள்.

ஐரோப்பாவின் பழைய நகரம் ஒன்றில், நானூறு வருடத்துப் பல்கலைக்கழகத்தில், இன்னும் ஒரு மணி நேரத்தில் அவன் பேச வேண்டும். தனக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்த டாக்டர் வேதநாயகியையும் பெருமையாக அழைத்து வந்திருந்தான்.

“நாற்பதுக்கு நாற்பதுன்னா கேக்க நல்லா இருக்கும்.”

வேதநாயகி எழுந்தார்.

“வா, கட்டடத்தைச் சுத்திப் பாப்போம்.”

வழிகாட்டிப் பெண் அவர்களைப் பழைய உடற்கூறு அரங்குக்குக் கூட்டிப்போனாள். கிணறு மாதிரி இருந்தது. சுற்றிலும் மாணவர்கள் நின்று பார்க்க ஆறு மர அடுக்குகள். அடியில், பிணத்தை அறுத்துக் காட்ட ஒரு மேசை.

சுவர் முழுக்கப் பேராசிரியர்களின் பெயர்கள். குலசேகர் அண்ணாந்து பார்த்தான். எங்காவது இடம் மிச்சமிருக்கிறதா என்று தேடினானோ என்னவோ.

“மேசையில் கிடந்தவர்கள் யார்?” என்று வேதநாயகி அந்தப் பெண்ணைக் கேட்டார்.

“தூக்கில் போடப்பட்டவர்கள். ஆனால் உள்ளூர்க்காரர்களைத் தொடக்கூடாது என்று விதி. சொந்தக்காரர்கள் வாசலில் வந்து நின்று சத்தம் போடுவார்கள். அதனால் வெளியூர்க்காரர்கள் மட்டும். கேட்க ஆள் இல்லாதவர்கள்.”

“இப்படியா பண்ணுவாங்க, பாவிங்க” என்றான் குலசேகர். மனதாரத்தான் சொன்னான்.

வேதநாயகி அவன் பக்கம் திரும்பினார்.

“அந்த முதல் கேஸ் அப்ப உன் வரிசையில எத்தனை பேர் காத்திருந்தாங்க?”

“பன்னெண்டு பேர், மேடம்.”

“அதுல அவளை ஏன் முதல்ல எடுத்தே?”

“அவங்க நிலைமை ரொம்ப மோசம்.”

“அவளுக்கு மட்டும்தானா?”

அவன் மறுபடி சுவரிலிருந்த பெயர்களைப் பார்த்தான்.

“சம்மதக் கையெழுத்து யார் போட்டா?”

“அவங்களேதான். கைநாட்டு.”

“கூட யாரு இருந்தா?”

“யாருமில்ல. ஒடிசாவிலேர்ந்து செங்கல் சூளை வேலைக்கு வந்தவங்க.”

“உடம்பை வாங்கிக்க?”

குலசேகரால் மேசையைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

“ஒருத்தரும் வரல, மேடம். என்ன ஆச்சுன்னு கேக்கக்கூட யாரும் வரல.”

வேதநாயகி அவனுக்கு எதிரில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றினார். இரண்டு கைகளையும் கூப்பினார்.

“டாக்டர் ஐயா, எங்க பொண்ணுக்கு என்னங்க ஆச்சு?”