மீட்டருக்கு ஒரு பல்பு

எங்கள் சி பிளாக்குக்கு நான்தான் தலைவர். மற்றவர்கள் எல்லாம் என்னைவிட விவரமானவர்கள் என்பதால் அந்தப் பதவியே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார்கள். அவர்கள் எவ்வளவு விவரம் என்பதைக் கேளுங்கள்.

எங்கள் தண்ணி மோட்டார் ஒரு நாள் ஓடினால் மறுநாள் படுத்துவிடும். அன்றைக்கு மூன்றாம் மாடி ஞானசௌந்தரி அக்கா வீங்கிய முட்டியோடு குடம் தூக்கவேண்டும். பார்க்கையில் எனக்கு அழுகையே வரும். வாங்கித் தூக்க மட்டும் கை வராது.

தொண்டு நிறுவனத்திலிருந்து ஷகிலா மேடம் வந்தார்.

"பொது கரண்டு மீட்டர் ஓடுறது இந்த மாசம் குறைஞ்சா, புது மோட்டார் உங்களுக்குத்தான். ஒழுகுற குழாய்க்கு இந்த வாஷர். சொட்டுத் தண்ணிகூட வீணாகக் கூடாது. மீட்டரையும் அடிக்கடி பாத்துக்குங்க."

வாஷர் புத்தம் புதுசு. குழாயில் போட்டால் நனைந்துவிடும் என்று சாமி படத்துக்குப் பின்னால் பத்திரப்படுத்தினோம். ஒழுகிய தண்ணீரை வாளியில் பிடித்து, மொட்டைமாடித் தொட்டியில் ஊற்றினோம். அது இறங்கி வந்து மறுபடி ஒழுகியது. ஒரு சொட்டு வீணாகவில்லை. ஞானசௌந்தரி அக்காவும் முறை வைத்து வாளி தூக்கினார்.

அடுத்தது மீட்டர். அது படிக்கட்டுக்கு அடியில், பட்டப்பகலிலும் கும்மிருட்டில் இருந்தது. அதனால் பொது லைனிலிருந்தே வயர் இழுத்து, அதன் தலைக்கு மேல் ஒரு குண்டு பல்பு மாட்டினோம்.

"ஓடுதேப்பா!" என்றார் ஆட்டோ ஓட்டும் மாசிலாமணி.

படிக்கட்டு விளக்கை அணைத்தோம். ஓடியது. மோட்டாரையே நிறுத்தினோம். அக்கா குடத்தை எடுத்தார். மீட்டர் ஓடியது.

"யாரோ கரண்டு திருடுறான்," என்றார் கொத்தனார் தேவசகாயம். "இங்கயேதான் நிக்கிறான். நாம பாக்கும்போதுதானே ஓடுது?"

நியாயமாகப் பட்டது. ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டோம். திருடன் முகம் தெரியட்டும் என்று இன்னொரு பல்பு போட்டோம். மீட்டர் வேகமெடுத்தது.

"பயந்துட்டான். அவசரமா திருடுறான்," என்றேன். தலைவர் என்றால் சும்மாவா? காவலுக்கு உட்கார்ந்தவருக்கு வியர்த்தது. ஒரு ஃபேனும் வைத்தோம்.

மாசக் கடைசியில் வந்த ஷகிலா மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டு பல்பையும் ஃபேனையும் அணைத்து, செல்போன் வெளிச்சத்தில் மீட்டரைக் காட்டினார். நின்றிருந்தது.

"இன்னும் ஒரு மாசம் தரேன். இல்லேன்னா மோட்டார் டி பிளாக்குக்குப் போயிடும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"இப்பவும் நின்னுருக்கான்னு பாருங்கப்பா, என் முட்டி தாங்காது," என்றார் அக்கா.

பல்பைப் போட்டுப் பார்த்தோம். ஓடியது.

"பாத்தீங்களா?" என்றார் மாசிலாமணி. "மேடம் இருந்தவரைக்கும் அவன் கை வைக்கலை. அவங்களைக் கண்டாத்தான் பயம்."

உடனே, மேடம் முதல்நாள் வந்தபோது எடுத்த குரூப் போட்டோவிலிருந்து மேடம் முகத்தை மட்டும் பெரிதாக்கி மீட்டர் பக்கத்தில் மாட்டினோம். திருடன் கண்ணில் பட வேண்டாமா? சுற்றிலும் சீரியல் செட் விளக்கு போட்டோம். சுவிட்சைப் போட்டுத் திறந்துவைத்தவர் ஞானசௌந்தரி அக்காதான், இடுப்பில் குடத்தோடு.