குவாரிக்காரரின் மாத்திரை

இராணுவத்தில் இருபது வருடம் அறுவைக் கத்தி பிடித்த டாக்டர் நாச்சியப்பன், ஓய்வு பெற்றபின் மலையடிவாரத்துச் சிறிய மருத்துவமனை ஒன்றுக்கு வந்தார். அங்கே டாக்டர் பெனிட்டாவிடம் பொது வைத்தியம் கற்றுக்கொண்டார். பெனிட்டா அவரைவிடப் பத்து வயது இளையவர். இருந்தாலும் அவர்தான் குரு.

பெனிட்டா வெளியூர் போயிருந்த வாரம் பிச்சைமுத்து வந்தார். கல்குவாரியில் பாறை சரிந்து முதுகு நொறுங்கியவர். ஆறு வருடமாக, அபின் வகையைச் சேர்ந்த வலி மாத்திரையை நம்பித்தான் நடமாட்டம்.

"இது வலியில்லை, பழக்கம். இன்றோடு விட்டுவிடுங்கள்," என்றார் நாச்சியப்பன்.

"விட்டா உடம்பு உதறுமே, அய்யா?"

"நாலு நாள் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்."

பிச்சைமுத்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

நாலு நாளில் தீரவில்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு, பொட்டுத் தூக்கமில்லை. எட்டாம் நாள் பஸ் ஸ்டாண்டில் யாரிடமோ உதிரி மாத்திரை வாங்கி ஒரு கை அள்ளி விழுங்கினார். எழுந்திருக்கவே இல்லை.

ஊர் திரும்பிய பெனிட்டா, நாச்சியப்பனையும் அழைத்துக்கொண்டு துக்கம் கேட்கப் போனார்.

பிச்சைமுத்துவின் மனைவி வேலம்மாள் அழவில்லை. "மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய்யான்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன்," என்றாள். "பழக்கம்னு சொல்லிட்டாக, இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்னுட்டாரு." கணவரின் மருந்துச் சீட்டைப் பெனிட்டாவின் கையில் கொடுத்தாள்.

திரும்பும் வழியில் நாச்சியப்பன் கேட்டார்:

"அந்த மாத்திரை கெடுதல்தானே, மேடம்?"

"கெடுதல்தான். ஆரம்பித்து வைத்தவள் நான். ஆறு வருடம் யோசிக்காமல் எழுதிக்கொண்டே வந்தவளும் நான்தான்."

"நீங்கள் இருந்திருந்தால் எப்படி நிறுத்தியிருப்பீர்கள்?"

"அவரைக் கேட்டுக்கொண்டு, மாதத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்திருப்பேன். தாங்கவில்லை என்றால் அந்த அளவிலேயே சில வாரம் நின்றிருப்பேன். ஒரு வருடம் ஆகும். கூடவும் ஆகலாம்."

"அப்படியானால் நான் அவசரப்பட்டதுதான் பிழை."

பெனிட்டா நின்றார். சீட்டை விரித்து அவரிடம் நீட்டினார். நாச்சியப்பனுடைய கையெழுத்துதான். மாத்திரையின் பெயர்மேல் அழுத்தமாக ஒரு கோடு. அதன் கீழே ஒப்பம்.

"மறுபடி எப்போது வரவேண்டும் என்று எழுதவே இல்லையே, சார்."