மேடம் ஊசி

எலிக்காய்ச்சலோடு வருகிறவர்களுக்கு அந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இரண்டு ஊசி. முதலாவது எல்லா ஊரிலும் போடுவது. இரண்டாவது, பேராசிரியர் மெர்லின் பதினெட்டு வருடங்களுக்கு முன் தொடங்கி வைத்தது. பெரிய ஊசி, வலி உயிரை எடுக்கும். மருந்துக்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. நர்சுகள் சொல்வது 'மேடம் ஊசி'.

அந்த ஊசி நல்ல ஊசி என்று நிரூபித்துக் காட்டுவதுதான் குருவுக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்தான், அவரிடம் மேற்படிப்புப் படிக்கும் டாக்டர் கபிலன். மூன்று வருட ஆய்வு. நானூறு நோயாளிகள். முதல் ஊசி எல்லாருக்கும் உண்டு; இரண்டாவதில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் இருந்தது. போட்டவர்களுக்கே தெரியாது.

வியாழக்கிழமை காலை உறையைப் பிரித்தார்கள். மருந்து போட்டவர்களுக்கும் உப்புத்தண்ணீர் போட்டவர்களுக்கும் காய்ச்சல் ஒரே கணக்காக விட்டிருந்தது. அரை நாள் வித்தியாசம்கூட இல்லை. கபிலன் மதியம் துறைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் இதைச் சொல்லியாக வேண்டும்.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனான். அவர் சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். நாக்குழற ஒருவழியாகச் சொல்லி முடித்தான்.

"ஒண்ணுமே இல்லையா?"

"மொத்தமாப் பார்த்தா இல்ல மேடம். ஆனா நாப்பது வயசுக்கு மேல, மூணு நாளுக்குள்ள வந்த ஆம்பளைங்களை மட்டும் தனியாப் பிரிச்சா கொஞ்சம் பலன் தெரியுது. அதை முதல்ல சொல்லட்டுமா?"

"எத்தனை விதமாப் பிரிச்சுப் பார்த்தே?"

"இருபத்திரண்டு விதமா."

மெர்லின் சிரித்துவிட்டார். "இன்னும் ரெண்டு தடவை பிரிச்சிருந்தா செவ்வாய்க்கிழமை வந்தவங்களுக்கும் பலன் தெரிஞ்சிருக்கும்."

கபிலன் தலையைக் குனிந்துகொண்டான். ஆய்வு தோற்றதுகூட அவனுக்குப் பெரிதில்லை. இந்த அம்மாவின் பேரைத் தன் கையாலேயே கெடுக்கிறோமே என்பதுதான் மனதை அறுத்தது.

"பதினெட்டு வருஷம் மேடம். நாளைக்கு யாராவது கேட்டா என்ன சொல்லுவீங்க?"

மெர்லின் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "வா" என்று அவசரப் பிரிவுக்கு நடந்தார்.

அங்கே நடவு வேலை செய்யும் சுடலி, குப்புறப் படுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். முதல் ஊசி போட்டாயிற்று. நர்ஸ் இரண்டாவதைக் கையில் எடுத்திருந்தார்.

"அதை வச்சிருங்க சிஸ்டர். இனிமே யாருக்கும் வேண்டாம்."

சுடலி முகத்தைத் திருப்பினாள். "நெசமாவா டாக்டரம்மா? போன தடவை நீங்கதான போட்டிய? எட்டு நாள் உக்கார முடியாமக் கெடந்தேனே! இப்ப மட்டும் எப்படி வேண்டாங்கிய?"

நர்ஸ் தரையைப் பார்த்தார். கபிலனுக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

மெர்லின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். முகத்தில் கூச்சமே இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தார்.

"அப்ப எனக்குத் தெரியாது தாயி. இன்னைக்குக் காலையிலதான் இவரு சொல்லிக் கொடுத்தாரு."