சிவந்த வேட்டி

மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்து சேரும்வரை ஆவுடையப்பன் வக்கீலாக இருந்தவர். குருவைவிட வயதில் மூத்தவர். அதனால் குரு அவரை ‘வக்கீலய்யா’ என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் மதியப் பந்தியில், “கூட்டில் உப்புத் தூக்கல்!” என்று எல்லோர் காதிலும் விழும்படி ஆவுடையப்பன் சொல்லிவிட்டார். சமைத்துப் பரிமாறிய மாசிலாமணியும் அங்கே ஒரு சீடர்தான். அவருக்குச் சுருக்கென்றது. கரண்டியை வாளிக்குள் வீசினார். மஞ்சள் கூட்டு தெறித்து வக்கீலின் வெள்ளை வேட்டியில் விழுந்தது.

சாப்பாடு முடிந்ததும் ஆவுடையப்பன் அடுக்களைக்குப் போய் விளக்கம் சொன்னார். மாசிலாமணி முறைத்தார். மறுபடியும் போய், உப்புக் கூடியதற்கு யார் யார் சாட்சி என்று எடுத்துச் சொன்னார். மாசிலாமணி துணிமணிகளை மூட்டை கட்டத் தொடங்கினார்.

வக்கீல் பயந்துபோய் வாய்க்கால் கரைக்கு ஓடினார். குரு அங்கே கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“சுவாமி, நான் சொன்னது சுத்தமான உண்மை. எடுத்துச் சொல்லச் சொல்ல அவருக்குக் கோபம் ஏறுகிறதே, ஏன்?”

“முதலில் வேட்டியைத் துவையுங்கள். கறை பிடித்துவிடும்.”

ஆவுடையப்பன் துண்டைக் கட்டிக்கொண்டு, வேட்டியை நனைத்துச் சோப்புப் போட்டார். மஞ்சள் கறை சிவந்தது. பதறிப்போய் அழுத்தித் தேய்த்தார். இன்னும் சிவந்தது.

“ஐயையோ! கொலைகாரன் வேட்டி மாதிரி ஆகிவிட்டதே!”

குரு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“நல்ல சோப்புத்தானே?”

“சுத்தமான சோப்பு, சுவாமி.”

“சுத்தமானதுதான். ஆனால் அதில் காரம் இருக்கிறது. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும்.”

“தேய்க்கத் தேய்க்க?”

“தேய்க்கத் தேய்க்கச் சிவக்கும்.”

கரையோரத்துச் செடியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தைப் பறித்து, அரிந்து நீட்டினார் குரு.

“சோப்பை அலசிவிட்டு இதைப் பிழியுங்கள்.”

புளிப்பு இறங்கிய இடமெல்லாம் சிவப்பு அடங்கி, பழையபடி மஞ்சளானது. வக்கீல் பிழிந்த மூடியையும் வேட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கட்டிய துண்டோடு அடுக்களைப் பக்கம் ஓடினார்.

மாசிலாமணி மூட்டையோடு படியிறங்கிக்கொண்டிருந்தார்.

“உப்புக் கூடியிருந்தது உண்மை…” என்று ஆரம்பித்த ஆவுடையப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டார். அடுத்த வார்த்தை சுலபத்தில் வரவில்லை. கோர்ட்டில் ஒருநாளும் அவர் சொல்லியிராத வார்த்தை அது. முகத்தைச் சுளித்துக்கொண்டே சொன்னார். “தப்பு என்மேல்தான். பந்தியில் வைத்து அப்படிக் கத்தியிருக்கக் கூடாது.”

மாசிலாமணி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“உப்புக் கூடின கூட்டை எதற்கு ஐயா வாங்கி வாங்கிச் சாப்பிட்டீர்?”

“ருசியாக இருந்ததே!”

மாசிலாமணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மூட்டையை இறக்கி வைத்தார். “துண்டோடு நிற்காமல் உள்ளே வாரும். மோர் தருகிறேன்.”

மோரைக் குடித்துவிட்டு ஆவுடையப்பன் வாய்க்காலுக்குத் திரும்பினார். வேட்டியைப் பிரித்துப் பார்த்தார்.

“சுவாமி, அவர் தங்கிவிட்டார். சிவப்பும் போய்விட்டது. ஆனால் மஞ்சள் அப்படியே இருக்கிறதே. இதற்கு எதைப் போட்டுத் தேய்க்க?”

குரு வேட்டியை வாங்கி, உதறி, கொடியில் விரித்தார்.

“தேய்த்தது போதும், வக்கீலய்யா. மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும்.”