அமீன் சொன்ன கோடு

சவரிமுத்து பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவர். காதோரம் நரைத்த பிறகுதான் டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு வந்தார். அவருக்கு வழிகாட்டியாக அமைந்த மங்கையர்க்கரசி வயதில் இளையவர். அவர் இவரை 'சார்' என்பார், இவர் அவரை 'மேடம்' என்பார். ஆனாலும் யார் குரு என்பதில் இருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

வேலை இதுதான். கடலுக்குப் போகும் சின்னப் படகுகளில் வைக்க ஒரு கையடக்கப் பெட்டி. அதற்குள் உள்ளங்கை அளவில் ஒரு சர்க்யூட் பலகை. பலகையில் நான்கு ஆன்டெனாக்கள். இரண்டு சவரிமுத்து செய்தவை. மற்ற இரண்டும் அதே மேடத்திடம் ஆராய்ச்சி செய்த இளைஞன் நூருல் அமீன் செய்தவை.

தனித்தனியாக நான்குமே நன்றாகத்தான் இருந்தன. ஒரே பலகையில் நெருக்கி வைத்ததும் தொல்லை தொடங்கியது. ஒன்றுக்குக் கொடுத்த சிக்னல் வெளியே போகாமல் அடுத்ததன் முனைக்குள் ஒழுகியது.

"மேடம், பக்கத்துல இருக்கிறது என்னோடதைக் கெடுக்காம இருக்க என்ன செய்யணும்?" என்று கேட்டார் சவரிமுத்து.

"அமீன் என்ன சொல்றார்?"

"அவரோடதுதானே மேடம் கெடுக்குது."

மங்கையர்க்கரசி பலகையை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

மூலைக்கு மூலை தள்ளி வைத்துப் பார்த்தார்கள். அடியிலிருந்த செம்புத் தகட்டில் கீறல் போட்டுப் பார்த்தார்கள். ஒழுக்கு கொஞ்சம் குறைந்தது, போதவில்லை. நடுவில் தகரச் சுவர் நிறுத்தலாம் என்றார் சவரிமுத்து. அமீன் வேண்டாம் என்று தலையை அசைத்தான்.

"சுவர் வச்சா வெளியே போறதையும் அது மறிச்சிடும்ணே. ரெண்டுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு செம்புக் கோடு இழுத்துப் பாப்போம். காத்து வழியா எவ்வளவு ஒழுகுதோ, அதே அளவு கோடு வழியா எதிர்மறையா அனுப்பினா ஒண்ணை ஒண்ணு அடிச்சிரும்."

"பிரிக்கச் சொன்னா சேர்த்துக் கட்டுறேங்கிறியே. உனக்கெல்லாம் எவன்டா பட்டம் கொடுத்தான்?"

ஆய்வகத்தில் செய்முறை வகுப்புக்கு வந்திருந்த மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். அமீன் முகம் சுண்டிப்போனது. கையிலிருந்த இடுக்கியை மேஜையில் வைத்தான்.

சவரிமுத்து அத்தோடு விடவில்லை. நேரே மேடத்தின் அறைக்குப் போனார். "ஒண்ணு அவர் இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்."

"கொஞ்சம் பொறுங்க சார்."

"பொறுத்தாச்சு மேடம்."

இது அமீன் காதுக்கும் போனது. அவன் சண்டைக்கு வரவில்லை. மறுநாளிலிருந்து ஆய்வகத்துக்கும் வரவில்லை. ஆராய்ச்சிப் பதிவை ரத்து செய்துகொண்டு, செல்போன் கோபுரங்களைப் பழுது பார்க்கும் வேலைக்குக் கிருஷ்ணகிரி பக்கம் போய்விட்டான் என்று பிறகு தெரிந்தது.

சவரிமுத்துவுக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. "அவரோட ஆன்டெனாவை என்ன செய்யட்டும் மேடம்?" என்று கேட்டார்.

"எடுத்துருங்க. உங்களோடதை மட்டும் வச்சு அளந்து பாருங்க."

உற்சாகமாக உட்கார்ந்து, ஈயத்தை உருக்கி, அமீனுடைய இரண்டையும் பெயர்த்து எடுத்தார். பலகை விசாலமாகத் தெரிந்தது. அளக்கும் கருவியோடு கம்பியை இணைத்துத் திரையைப் பார்த்தவர் கம்பியைக் கழற்றி மறுபடி மாட்டினார். மறுபடியும் அதேதான். தன் ஆன்டெனா எந்த அலைவரிசையில் பாட வேண்டுமோ அந்த இடத்தில் இல்லை. விலகிப் போய் எங்கோ நின்றது.

மங்கையர்க்கரசி பின்னால் வந்து நின்றார்.

"என்னோடதை நான் தொடவே இல்ல மேடம்."

"தெரியும்."

"அப்புறம் எப்படிக் கெட்டுச்சு?"

"இத்தனை மாசமா அதை வெட்டி வெட்டிச் சரி பண்ணுனீங்களே சார், அப்போ பக்கத்துல எது இருந்தது?"

சவரிமுத்து மேஜையில் கிடந்த அமீனுடைய இரண்டையும் பார்த்தார். அன்று சாப்பிடவும் போகவில்லை.

பெயர்த்து எடுத்த இரண்டையும் பழைய இடத்திலேயே திரும்பப் பற்ற வைத்தார். பிறகு முடிபோல ஒரு செம்புக் கோட்டை வெட்டி, தன்னுடையதற்கும் அமீனுடையதற்கும் நடுவே இழுத்தார். ஒழுக்கு முன்பைவிடக் கூடியது. அதை எடுத்துவிட்டு நீளமாக இன்னொன்று வெட்டினார். வளைத்து வைத்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். திரையில் ஒழுக்கைக் காட்டிய வரைகோடு கிணற்றில் விழுந்தாற்போலச் சடாரென்று இறங்கியது.

"தம்பி, பாத்தியா!" என்று திரும்பினார். பக்கத்து நாற்காலியில் யாரோ ஒரு மாணவனின் பை இருந்தது.

வராந்தாவுக்குப் போய் அமீனுக்குப் போன் போட்டார். எடுக்க மாட்டான் என்று நினைத்தார். எடுத்தான். அந்தப் பக்கம் காற்று இரைந்தது.

"நீ சொன்ன கோடு வேலை செய்யுது தம்பி."

 "நேரா வச்சீங்களாண்ணே, வளைச்சா?" என்றான் அமீன். குரலில் பழைய துள்ளல்.

"வளைச்சு."

"ஆங், அதான். நேரா வச்சா நீளம் பத்தாது."

"நீ வந்துரு தம்பி. மேடத்துக்கிட்ட நான் பேசுறேன். கால்ல வேணாலும் விழுறேன்."

"அதெல்லாம் முடிஞ்சு போச்சுண்ணே. ஊர்ல எல்லார்கிட்டயும் எம்மவன் டாக்டர் ஆகப்போறான்னு சொல்லி வச்சிருந்தாங்க உம்மா. இப்பதான் அழுறதை நிறுத்தியிருக்காங்க. இனி மறுபடியும் முதல்லருந்து முடியாது."

"அன்னைக்கு நான் பேசுனது..."

"மேல ஏறக் கூப்பிடுறாங்கண்ணே. வச்சிர்றேன்."

திரும்பி வந்தபோது மேடம் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"வர்றாரா?"

"இல்ல மேடம்."

அவர் எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தார். சவரிமுத்து உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்ததால் வரைகோடு சரியாகத் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு பார்த்தார். அவ்வளவு இறங்கியும் அடியில் கொஞ்சம் ஒழுக்கு மிச்சமிருந்தது. பெட்டிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இருந்தாலும் ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும்போல இருந்தது அவருக்கு. கோடு வெட்டிய கத்தியைக் கையில் எடுத்தார்.

"பக்கத்துல இருக்கிறது இன்னும் லேசாக் கேக்குது மேடம். அதையும் இல்லாம பண்ணிரட்டுமா?"

மங்கையர்க்கரசி அவர் கையிலிருந்த கத்தியை மெல்ல வாங்கி மேஜையில் வைத்தார்.

"இருக்கட்டும் சார். இவ்வளவு சின்ன இடத்துல அதுவும் கேக்கலைன்னா, பக்கத்துல யாருமே இல்லைன்னு அர்த்தம்."